கையெழுத்த மட்டும் வெட்டாதீங்க, கடுதாசிய முழுசா வைங்க

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு பின்னாடி ஒரு சந்துல காயலான் கடை வெச்சிருக்கற அண்ணன் போன வாரம் போன் பண்ணாரு. "தம்பி, வண்ணாரப்பேட்டைல ஒரு வூட்ட இடிக்கறாங்கோ, பரண்ல கெடந்ததெல்லாம் எடைக்கு போட்டுட்டாங்கோ, பழைய கடுதாசியா கீது, பாக்கறதுனா இன்னிக்கே வந்து பாத்துக்கோ, காத்தால லோடு ஏத்திடுவேன்"ன்னாரு. ஆபீஸ் முடிஞ்சு பாரிமுனைல இருந்து நேரா அங்க போயிட்டேன். கோணிப்பைய கவுத்து கொட்டினாரு. நல்ல பெரிய கட்டு. எல்லாம் 1950கள்ல வந்தது, கார்டு இருக்கு, இன்லேண்ட் லெட்டர் இருக்கு, கவரோட வந்த கடுதாசி இருக்கு, அத்தனையும் மில்லு யூனியன்ல இருந்த ஒருத்தருக்கு வந்தது. ஸ்ட்ரைக் நிதி யார் எவ்ளோ குடுத்தாங்க, யாருக்கு ஜாமீன் கிடைச்சுது யாருக்கு கிடைக்கல, மீட்டிங்குக்கு மைக் செட் யார்கிட்ட சொல்லியிருக்குன்னு வரிக்கு வரி விஷயம். ஆனா பாதிக்கு மேல கடுதாசிங்கள்ல கீழ வலது பக்கம் ஒரு சதுர ஓட்டை. கத்தரிக்கோல் வெச்சு சுத்தமா வெட்டியிருக்கு. கையெழுத்து மட்டும் போயிடுச்சு.

என்ன நடந்திருக்கும்னு பாத்தவுடனே புரிஞ்சுடுச்சு. அந்த வீட்ல யாரோ ஆட்டோகிராஃப் ஆல்பம் வெச்சிருந்திருக்காங்க, பெரிய ஆளுங்க கையெழுத்த மட்டும் வெட்டி ஆல்பத்துல ஒட்டிட்டு மிச்சத்த பரண்ல போட்டுட்டாங்க. அந்த ஆல்பம் இப்போ எங்க இருக்கோ. அது கிடைச்சாலும் எந்த கையெழுத்து எந்த கடுதாசிக்கு சொந்தம்னு ஓட்டைய ஓட்டையோட வெச்சு பொருத்தி பாத்தாதான் தெரியும். என் கைல இருக்கறது யார் எழுதினாங்கன்னே தெரியாத கடுதாசி, அந்த ஆல்பத்துல இருக்கறது எதுக்கு போட்டாங்கன்னே தெரியாத கையெழுத்து. இதுல இன்னொரு கொடுமை, கார்டுல ஒரு பக்கம் கையெழுத்த வெட்டினா மறுபக்கம் இருக்கற விலாசமும் கூடவே போகும், சில கார்டுல போஸ்டல் முத்திரைல பாதி போயிருக்கு. தேதியும் போச்சு ஊரும் போச்சு. இன்லேண்ட் லெட்டர்ல ஒண்ணு ரெண்டுல அனுப்புனர் விலாசம் எழுதற இடமே ஓட்டையோட போயிடுச்சு.

இத எழுதியே ஆகணும்னு உக்காந்ததுக்கு காரணம் அந்த ஓட்டைங்கதான். நான் சரித்திரத்துல பேர் இருக்கறவங்க கையெழுத்து, அவங்க எழுதின, அவங்களுக்கு வந்த தபால் இதெல்லாம் சேக்கறேன்னு சொன்னா பலபேர் கேக்கற மொத கேள்வி "யார் யார் கையெழுத்து வெச்சிருக்க"ன்னுதான். "அந்த கடுதாசில என்ன எழுதியிருக்கு"ன்னு கேக்கறவங்க ரொம்ப கம்மி. எனக்கு அந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியம். பேர மட்டும் வெட்டி வெச்சுக்கறது கல்யாண போட்டோல மாப்பிள்ளை மூஞ்ச மட்டும் வெட்டி எடுத்து பர்ஸ்ல வெச்சுக்கற மாதிரி, பொண்ணும் இல்ல, பந்தலும் இல்ல, யாரெல்லாம் வந்தாங்கன்னும் இல்ல.

இந்த வெட்டற பழக்கம் நம்ம ஊர்ல மட்டும் இல்ல, வெளிநாட்லயும் நூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தே இருக்கு. ஆல்பத்துல ஒட்டறதுக்குன்னே பெரியவங்க கடுதாசில இருந்து பேர மட்டும் வெட்டி வெச்சாங்க, இன்னிக்கும் ஏலத்துல அத 'கட் சிக்னேச்சர்'னு தனியா வெச்சு விக்கறாங்க. சேக்கறவங்க மத்தியில மதிப்புக்கு ஒரு வரிசை இருக்கு. முழுக்க தன் கையாலயே எழுதி கையெழுத்து போட்ட கடுதாசிக்குதான் மதிப்பு அதிகம், அதுக்கு அடுத்தது வேற யாரோ டைப் அடிச்சு இவர் கையெழுத்து மட்டும் போட்டது, அப்புறம் கையெழுத்து போட்ட போட்டோ, கார்டு, வெட்டின துண்டு பொதுவா கடைசி. அதுவும் ஒரே ஆளோட ரெண்டு கடுதாசிய எடுத்துக்கிட்டா "தங்கள் வாழ்த்துக்கு நன்றி"ன்னு ரெண்டு வரி இருக்கறதுக்கும், ஒரு போராட்டத்தப் பத்தியோ ஒரு கண்டுபிடிப்பப் பத்தியோ பேசறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சந்தையே உள்ளடக்கத்துக்குதான் காசு குடுக்குது, நம்மாளுங்கதான் வெட்டிட்டு நிக்கறோம்.

ராமானுஜன எடுத்துக்கோங்க. எங்க ஏரியா ஆளு, அதனால அவர் பேரச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை. 1912 மார்ச் 1ம் தேதி மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கணக்குப் பிரிவுல கிளார்க்கா சேர்ந்தாரு. அதே ஹார்பர் பக்கம்தான் நான் தினம் பஸ்ல போறேன், என் வேலையும் ஹார்பர் டாக்குமெண்ட் வேலைதான். பாரிமுனை பக்கத்துல சைவ முத்தையா முதலி தெருவுல குடியிருந்தாரு. 1913 ஜனவரி 16ம் தேதி போட்டு கேம்பிரிட்ஜ்ல கணித பேராசிரியரா இருந்த ஹார்டிக்கு ஒரு கடுதாசி எழுதறாரு. எடுத்தவுடனே தன்னப் பத்தி சொல்றது என்னன்னா, நான் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் ஆபீஸ்ல கணக்குப் பிரிவு கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம்னு. வயசு சுமார் 23ன்னு எழுதறாரு, ஆனா பொறந்தது 1887 டிசம்பர் 22, அப்போ அவருக்கு 25 முடிஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் பக்கம் பக்கமா தேற்றம், எதுக்கும் நிரூபணம் கிடையாது. ஹார்டி அத கூட இருந்த இன்னொரு கணித ஆளு லிட்டில்வுட்டோட உக்காந்து பாத்துட்டு பிப்ரவரி 8ம் தேதி பதில் போட்டாரு, அதுக்கு ராமானுஜன் பிப்ரவரி 27ல திருப்பி எழுதினாரு. 1914 மார்ச் 17ல இதே ஹார்பர்ல இருந்து நெவாசா கப்பல்ல ஏறிட்டாரு.

இப்போ யோசிச்சு பாருங்க, அந்த கடுதாசி கடைசில இருக்கற 'எஸ். ராமானுஜன்'ங்கற பேர மட்டும் யாராவது வெட்டி ஆல்பத்துல ஒட்டியிருந்தா நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? 20 பவுண்டு சம்பளம்னு சொல்லி ஆரம்பிக்கற அந்த துணிச்சல் தெரிஞ்சிருக்குமா? அந்த மொத கடுதாசியோட கணக்கு பக்கங்கள்லயே ஒரு பகுதி காணாம போயிடுச்சு, இன்னிவரைக்கும் கணித ஆளுங்க அத நெனச்சு வருத்தப்படறாங்க. யாரும் கையெழுத்து போச்சேன்னு வருத்தப்படல, பக்கம் போச்சேன்னுதான் வருத்தம். 1920 ஜனவரி 12ல, சாகறதுக்கு மூணு மாசம் சொச்சம் முன்னாடி, உடம்பு முடியாம மெட்ராஸ்ல இருந்துக்கிட்டே ஹார்டிக்கு எழுதின கடைசி கடுதாசிலதான் மாக் தீட்டா ஃபங்ஷன்னு கணக்குல புதுசா ஒரு வகை கண்டுபிடிச்சிருக்கேன்னு சொல்றாரு. அந்த ஒரு கடுதாசிய வெச்சுதான் பல வருஷத்துக்கு உலகம் அந்த விஷயத்த தெரிஞ்சு வெச்சிருந்துச்சு, 1976ல அமெரிக்க கணித ஆளு ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ் லைப்ரரில அவரோட தொலைஞ்ச நோட்டுப் பக்கங்கள பாக்கற வரைக்கும்.

இன்னொரு பேரும் சொல்லியே ஆகணும், பி.கே. சீனிவாசன். முத்தியால்பேட்டை ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு. ராமானுஜன் சம்பந்தப்பட்ட கடுதாசிங்கள, அவர நேர்ல பாத்தவங்களோட நினைவுங்கள எல்லாம் தேடித் தேடி சேத்து, 1968ல அந்த ஸ்கூல்ல இருந்தே ரெண்டு தொகுதியா நினைவு மலர் போட்டாரு. ஒரு ஸ்கூல் வாத்தியாரு, வடசென்னைல ஒரு ஸ்கூல்ல உக்காந்துக்கிட்டு இத செஞ்சிருக்காரு. இன்னிக்கு ராமானுஜன் வாழ்க்கைய எழுதறவங்க யாரா இருந்தாலும் அத தொடாம போக முடியாது. ராயபுரத்துல ராமானுஜன் பேர்ல இருக்கற மியூசியமும் அவரோட முயற்சிதான், 1993ல ஆரம்பிச்சது. எங்க பக்கத்து ஆளுங்களே பலபேர் உள்ள போனதில்ல. போய் பாருங்க, பசங்கள கூட்டிட்டு போங்க. அங்க சுவத்துல கடுதாசி நகல்தான் இருக்கு, அசல் இல்ல, ஆனா அந்த எழுத்த நின்னு படிக்கறப்போ அசலா நகலாங்கறதே மறந்து போயிடும். என்னப் பொறுத்தவரைக்கும் நான் கேள்விப்பட்ட சேகரிப்பாளர்கள்லயே பெரியவர் அவர்தான், விக்கறதுக்காக ஒண்ணும் சேக்கல, ஒரு துண்டும் வெட்டல.

கையெழுத்துக்கு காசு வாங்கினவங்களும் உண்டு, அத தப்பா நெனச்சுடாதீங்க. காந்தி ஒரு கையெழுத்துக்கு அஞ்சு ரூபா கேப்பாரு, அது ஹரிஜன நிதிக்கு போகும். அந்த காலத்து அஞ்சு ரூபா சாதாரண காசு இல்ல. அவர் தமிழ்லயும் 'மோ.க.காந்தி'ன்னு கையெழுத்து போட்டிருக்காரு, தென்னாப்பிரிக்கால தமிழ் ஆளுங்களோட சேர்ந்து போராடினப்போ இருந்தே நம்ம மொழி மேல அவருக்கு ஒரு பிரியம். வலது கை வலிச்சா இடது கைல எழுதுவாரு, 1909ல கப்பல்ல வர்றப்போ ஒரு புத்தகத்த அப்படித்தான் ரெண்டு கையாலயும் எழுதி முடிச்சாரு. அதனால காந்தி கையெழுத்து ரெண்டு வச்சு பாத்து வேற வேற மாதிரி இருக்கேன்னு ஒண்ண போலின்னு தூக்கி போட்டுடக் கூடாது. பெரியாரும் கையெழுத்துக்கு காசு வாங்கினாரு, கூட நின்னு போட்டோ எடுக்கவும் காசு வாங்கினாரு, எல்லாம் இயக்கத்துக்கு. இந்த மாதிரி கையெழுத்துங்களுக்கு பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, ஒரு மீட்டிங் இருக்கு, வரிசைல நின்ன ஒருத்தர் இருக்காரு. அந்த சீட்டுல தேதியோ ஊரோ இருந்தா அதையும் சேத்து வைங்கன்னு சொல்றது அதனாலதான்.

காந்தி 1915 ஏப்ரல்ல மெட்ராஸ் வந்தப்போ தங்கினது தம்பு செட்டி தெருவுல புத்தகம், பத்திரிகை போட்டுக்கிட்டிருந்த ஜி.ஏ. நடேசன் வீட்ல. அந்த தெரு வழியா நான் சாப்பாட்டு நேரத்துல நடக்கறேன். அந்த சமயத்துலதான் வ.உ.சிக்கும் அவருக்கும் கடுதாசி போய் வந்துச்சு. வ.உ.சி 1912 டிசம்பர்ல ஜெயில்ல இருந்து வெளிய வந்தவரு, கப்பல் கம்பெனி போச்சு, வக்கீல் தொழில் பண்றதுக்கான சன்னதும் போச்சு, மெட்ராஸ்ல பெரம்பூர் பக்கமெல்லாம் குடியிருந்து ரொம்ப கஷ்டப்பட்டாரு. அவருக்காக தென்னாப்பிரிக்கா தமிழ் ஜனங்க வசூல் பண்ண காசு காந்திகிட்ட இருக்குன்னு தெரிஞ்சு அதப் பத்தி எழுதறாரு, காந்தி விசாரிச்சு பதில் எழுதறாரு, காசு கைக்கு வர்றப்போ 1916 ஆயிடுச்சு. வரலாற்று ஆசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி அந்த கடுதாசிங்கள தேடி எடுத்து எழுதினதுனாலதான் நமக்கு இது தெரியுது. ரெண்டு பேருமே நமக்கு சிலை. அந்த கடுதாசில பாத்தா ஒருத்தருக்கு குடும்பம் நடத்த காசு வேணும், இன்னொருத்தருக்கு யார் குடுத்த காசுன்னு கணக்கு சரியா தெரியணும். கேக்கறதுக்கு கூச்சப்பட்டுக்கிட்டே, ஆனா மரியாத விட்டுக் குடுக்காம வ.உ.சி எழுதறது இருக்கே, அத எந்த சிலைலயும் வடிக்க முடியாது. செக்கிழுத்த செம்மல்னு ஸ்கூல்ல படிச்சுட்டு நிறுத்திடறோம், வெளிய வந்தப்புறம் அவர் எப்படி வாழ்ந்தாருன்னு இந்த மாதிரி காகிதம்தான் சொல்லுது.

சரி, போலி விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதப் பத்தி கேக்கறவங்கதான் அதிகம். நம்ம ஊரு கடுதாசிக்கு நம்ம ஊர்லயே நல்ல சோதனைங்க இருக்கு, வெளிநாட்டு ஆள கூப்பிட வேண்டியதில்ல. மொத, தேதிய பாத்துட்டு அந்த தேதில இருக்க முடியாதது எதாவது காகிதத்துல இருக்கான்னு தேடுங்க. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எங்க ராயபுரம் வெறும் மெட்ராஸ்-13தான். 1960 தேதி போட்ட கவர்ல 600013ன்னு விலாசம் இருந்தா அத கீழ வெச்சுட்டு நடைய கட்டுங்க. நயா பைசா 1957 ஏப்ரல் 1ல இருந்து. அதுக்கு முன்னாடி அணா. இன்லேண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2ல இருந்துதான், போஸ்ட் கார்டு மட்டும் ரொம்ப பழசு, 1879லயே கால் அணாவுக்கு வந்துடுச்சு. பால் பாயிண்ட் பேனா கடைக்கு வந்ததே 1945 வாக்குல, பாரதி 1921லயே போயிட்டாரு, அதனால பால் பேனால போட்ட பாரதி கையெழுத்துன்னு யாராவது காட்டினா அத பேசறதுக்கே அவசியம் இல்ல. லென்ஸ் வெச்சு பாத்தா பால் பேனா கோடு ஒரே தடிமனா, நடுநடுல மை இல்லாத கீத்து மாதிரி தெரியும், இங்க் பேனா கோடு நிப்பு அழுத்தின இடத்துல அகண்டும் முடியற இடத்துல மை தேங்கியும் இருக்கும்.

அப்புறம் எழுத்து வடிவம், இது தமிழ் கடுதாசிக்கே உள்ள சோதனை. மேல சுழிச்சு எழுதற பழைய லை, னை, ணை, ஒட்டி எழுதற பழைய ணா, றா, னா இதெல்லாம் 1978ல எம்ஜிஆர் ஆட்சில அரசாங்கம் சீர்திருத்தத்த ஏத்துக்கற வரைக்கும் பொதுவா எல்லாரும் எழுதினது. நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதுன்னு சொல்ற கடுதாசில இப்போ ஸ்கூல்ல சொல்லித் தர்ற மாதிரியே 'லை' இருந்தா சந்தேகப்படணும். ஆனா இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, பெரியார் 1935லயே தன்னோட குடிஅரசு பத்திரிகைல அந்த புது எழுத்த கொண்டுவந்துட்டாரு, அதனால சுயமரியாத இயக்கத்து ஆளுங்க எழுதினதுல புது எழுத்து முன்னாடியே வரலாம். யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சாதான் எழுத்த வெச்சு தீர்ப்பு சொல்ல முடியும், எழுத்து முழுசா இருந்தாதான் யார் எழுதினாங்கன்னு சொல்ல முடியும். வெட்டின துண்டுல இருக்கற மூணு நாலு எழுத்த வெச்சு என்ன பண்றது?

காகிதத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கற யூவி டார்ச் போதும், கடைல நோட்டு செக் பண்றாங்களே அதேதான். 1950 வாக்குல இருந்துதான் காகிதத்துல பளிச்சுனு வெள்ளையா தெரியறதுக்கு ஒரு கெமிக்கல் சேக்க ஆரம்பிச்சாங்க, அந்த காகிதம் யூவில நீலமா மின்னும். 1920 கடுதாசி மின்னக் கூடாது. மின்னலைங்கறதுக்காக அசல்னும் ஆகாது, ஏன்னா கெட்டிக்கார போலிக்காரன் பழைய கணக்கு நோட்டுல காலியா இருக்கற பக்கத்த கிழிச்சு எழுதுவான். அதுக்கும் வழி இருக்கு. பழைய காகிதத்துல மை பரவாம தடுக்கற பூச்சு காலப்போக்குல கெட்டுப் போயிடும், அதுமேல இன்னிக்கு எழுதினா மை பக்கவாட்டுல பூத்து நிக்கும். மடிப்பு பாருங்க, மடிச்சு மடிச்சு நார் விட்டுப்போன இடத்துல மை உள்ள இறங்கியிருந்தா மடிப்புக்கு அப்புறம்தான் எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். கையெழுத்த பாத்து வரையறவன் மெதுவா வரைவான், அதனால கோடு லேசா நடுங்கும், ஆரம்பமும் முடிவும் மொட்டையா நிக்கும், நடுல பேனா தூக்கின இடம் தெரியும். சொந்தக் கையெழுத்து போடறவன் யோசிக்காம போடுவான், பேனா காகிதத்த தொடறதுக்கு முன்னாடியே கை ஓட ஆரம்பிச்சிருக்கும், அதனால நுனி ஊசியா இருக்கும்.

வெளிநாட்டுத் தலைவர்ங்களுக்கு எழுதி கையெழுத்து வாங்கறவங்க ஆட்டோபென் பத்தி தெரிஞ்சுக்கணும். நிஜ பேனாவ ஒரு மெஷின் புடிச்சு கையெழுத்து போடும், மை நிஜ மைதான், அதனால லென்ஸ்ல பிரிண்ட் மாதிரி புள்ளி தெரியாது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அத நிறையவே உபயோகிச்சாரு, செக்ரட்டரிங்களும் அவர் பேர்ல போட்டிருக்காங்க. கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, ஒரே ஆளோட ரெண்டு கையெழுத்த ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல பாக்கறது. அச்சா பொருந்துச்சுன்னா அது மெஷின், மனுஷன் கைக்கு ஒரே கையெழுத்த ரெண்டு தடவ அச்சு மாறாம போட வராது. நீல் ஆம்ஸ்ட்ராங் 1994 வாக்குல கையெழுத்து போடறதையே நிறுத்திட்டாரு, காசுக்கு விக்கறாங்க, போலியும் அடிக்கறாங்கன்னு. அவர் மேல எனக்கு மரியாததான். உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதறதுனா நீங்க உண்மையிலயே அவங்களோட எந்த வேலைய படிச்சீங்க, என்ன கேக்கணும்னு தோணுதுன்னு எழுதுங்க, உங்க விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவரையும் உள்ள வைங்க. ஒரு கேள்வி கேட்டா சில சமயம் அவங்க கையாலயே நாலு வரி பதில் வரும். "ப்ளீஸ் சைன்"னு மட்டும் எழுதினா வந்தா ஒரு பேர் வரும், அவ்ளோதான்.

கவர் பத்தி சொல்லாம விட முடியாது. கடுதாசிய வெச்சுக்கிட்டு கவர தூக்கிப் போடறவங்க ஒரு பக்கம், ஸ்டாம்ப தண்ணில ஊற வெச்சு உரிச்சுட்டு கவர தூக்கிப் போடறவங்க இன்னொரு பக்கம். முத்திரைல தேதி இருக்கு, ஊர் இருக்கு, கடுதாசி எழுதின தேதிக்கும் போய் சேந்த தேதிக்கும் நடுல எத்தன நாள்னு இருக்கு. சென்சார் பண்ணியிருந்தா அதுக்கும் தனி முத்திரை இருக்கும், யுத்த காலத்து கவர்ல அத நிறைய பாக்கலாம். வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க கவர்ல கீழ இடது மூலைல அனுப்பின அதிகாரியோட கையெழுத்து இருக்கும், தபால் ஆபீஸுக்கு அது அரசாங்க வேலைதான்னு சாட்சி. இங்கிலாந்துல 1840 ஆரம்பம் வரைக்கும் பார்லிமெண்ட் மெம்பர் கவர் மேல பேர் எழுதினா காசில்லாம போகும், அந்த கையெழுத்தே ஸ்டாம்ப். அதையும் வெட்டி வெட்டி ஆல்பத்துல ஒட்டித் தீத்திருக்காங்க. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

ஸ்டாம்புல ஆர்வம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு, உயிரோட இருக்கறப்பவே ஸ்டாம்ப் வந்தவங்க இந்தியால ரொம்ப கொஞ்சம் பேரு. 1958ல பெண் கல்விக்கு உழைச்ச கார்வேக்கு அவரோட நூறாவது வயசுல வந்துச்சு, 1960ல இன்ஜினியர் விஸ்வேஸ்வரய்யாவுக்கு. ஸ்டாம்ப் வெளியான அன்னிக்கே முத்திரை குத்தின முதல் நாள் உறைல அவங்களே கையெழுத்து போட்டது எங்கயாவது கிடைச்சா அந்த ஒரு உறைல எல்லாம் இருக்கு, ஆள் இருக்காரு, ஸ்டாம்ப் இருக்கு, தேதி இருக்கு.

காசு இல்லாத பசங்க ஆரம்பிக்கணும்னா ரூபா நோட்ட பாருங்க. மன்மோகன் சிங் 1982ல இருந்து 1985 வரைக்கும் ரிசர்வ் பேங்க் கவர்னர், அவர் கையெழுத்து அச்சான நோட்டு இன்னும் பாரிமுனைல நாணயக்காரங்ககிட்ட கிடைக்குது. ஒரு ரூபா நோட்டுல மட்டும் கவர்னர் இல்ல, நிதித்துறை செயலாளர் கையெழுத்து, அந்த பதவிலயும் அவர் இருந்ததால அதுலயும் அவர் பேர் உண்டு. 2009ல அண்ணா நூற்றாண்டுக்கு வந்த அஞ்சு ரூபா காசுல அண்ணாவோட தமிழ் கையெழுத்து இருக்கு. 1949ல அவர் கட்சி ஆரம்பிச்ச ராபின்சன் பார்க் எங்க ராயபுரத்துலதான், அதனால அந்த காசு எங்க வீட்ல எல்லார் கைலயும் ஒண்ணொண்ணு. இதெல்லாம் அச்சு கையெழுத்துதான், ஆனா கண்ண பழக்கறதுக்கு ரொம்ப நல்லது.

இப்போ அந்த கட்டுக்கு வரேன். அண்ணன் எடை போட்டு குடுத்தாரு, "ஓட்டைய வெச்சுனு இன்னா பண்ணுவ"ன்னு கேட்டாரு. உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சு தேதி வாரியா அடுக்கிக்கிட்டு இருக்கேன். எழுத்த எழுத்தோட வெச்சு ஒப்பிட்டா எத்தன பேர் எழுதியிருக்காங்கன்னு தெரிய வருது, ஒருத்தர் 'ழ'வ எப்பவும் ஒரு நீள வால் விட்டு எழுதறாரு, இன்னொருத்தர் பச்ச மை. வெட்டாம தப்பிச்ச கடுதாசிங்கள்ல இருக்கற எழுத்தோட பொருந்தினா பேர் கிடைச்சுடும். 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்ச ஊரு இது, பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில்ல வெச்சுதான் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி அத்தனையும் வாழ்ந்துச்சு. மில்லு பத்தி அரசாங்க ரிக்கார்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இருக்கும், கம்பெனி சொன்னது இருக்கும், போலீஸ் எழுதினது இருக்கும். தொழிலாளி தொழிலாளிக்கு எழுதின கார்டு பரண்லதான் இருக்கும், அது எடைக்குத்தான் போகுது.

வெச்சிருக்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். லேமினேட் பண்ணாதீங்க, பண்ணா திரும்ப எடுக்கவே முடியாது. செலோடேப் ஒட்டாதீங்க, அந்த பசை மஞ்சளாகி காகிதத்த தின்னுடும். பிவிசி கவர் வேணாம், பாலியஸ்டர் கவர் கிடைக்கும், அத வாங்குங்க. எங்க பக்கம் கடல் காத்து, உப்பும் ஈரமும் சேந்து பழைய மை வேகமா கெடும், அதுவும் பழைய இரும்பு மைனா எழுத்து பழுப்பாகி காகிதத்தையே அரிச்சு ஓட்ட போடும், அதனால வெளிச் சுவர ஒட்டின பீரோல வெக்காதீங்க, வெயில் படற மாதிரி ஃப்ரேம் போட்டு மாட்டாதீங்க. மாட்டியே ஆகணும்னா கலர் ஜெராக்ஸ மாட்டுங்க. பூச்சிக்கு பெரியவங்க சொன்ன வசம்ப துணில முடிஞ்சு பெட்டி ஓரமா வெக்கலாம், காகிதத்த தொடாம. குறிப்பு எழுதணும்னா தனித்தாள்ல எழுதுங்க, யார்கிட்ட இருந்து எப்போ வந்துச்சுன்னு. 75 வருஷத்துக்கு மேல பழசான, சரித்திர மதிப்பு உள்ள கடுதாசி 1972 சட்டப்படி தொல்பொருள் கணக்குல வரும், அத வெளிநாட்டுக்கு விக்கறேன்னு அனுப்ப முடியாது, யாராவது ஆன்லைன்ல ஆச காட்டினா மயங்கிடாதீங்க.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் யார் வீட்லயாவது தாத்தாவோ ஆயாவோ வெச்சிருந்த டிரங்க் பெட்டில கடுதாசி கட்டு இருந்தா, ஹார்பர், மில்லு, ரயில்வே, யூனியன், ஸ்கூல் எதுவா இருந்தாலும் சரி, எடைக்கு போடறதுக்கு முன்னாடி கீழ ஒரு வரி எழுதுங்க. பெரிய பேர் இருக்கணும்னு அவசியமே இல்ல. நானே வீட்டுக்கு வரேன், உங்க முன்னாடியே ஸ்கேன் பண்ணி ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டு குடுத்துட்டு அசல உங்ககிட்டயே விட்டுட்டு போறேன். இந்த வண்ணாரப்பேட்டை வீட்டு ஆல்பம் யார்கிட்டயாவது இருந்தா, சதுரமா வெட்டி ஒட்டின கையெழுத்துங்க, பின்னாடி பாதி முத்திரை தெரியற மாதிரி, அவங்களும் தயவு செஞ்சு சொல்லுங்க. அத விலைக்கு கேக்க மாட்டேன், ஓட்டைங்களோட பொருத்தி போட்டோ எடுத்துக்க மட்டும் விடுங்க.